கோப்பா டெல் ரே: சின்ன கிளப்புகளுக்குக் கதவு திறந்த கோப்பை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஸ்பெயின் கால்பந்து சம்மேளனம் 2019-20 சீசனிலிருந்து தன் தேசியக் கோப்பையின் விதிகளை மாற்றியது. கீழ்மட்ட லீக்குகளின் கிளப்புகள் அதிகமாக உள்ளே வந்தன. அன்றிலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நண்பர்கள் என்னிடம் ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கோப்பா டெல் ரே என்றால் என்ன? லா லிகாவும் இதுவும் ஒன்றா?

இல்லை. லா லிகா என்பது 20 அணிகள் ஒரு சீசன் முழுக்க ஒன்றோடு ஒன்று ஆடி, புள்ளிகளைச் சேர்க்கும் லீக். கோப்பா டெல் ரே, அதாவது அரசர் கோப்பை, நாக் அவுட் போட்டி. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வயதில் இதுதான் மூத்தது. கோப்பை 1903இல் தொடங்கியது, லீக் 1929இல்தான் வந்தது. வென்ற அணிக்கு ஐரோப்பியக் கிளப் போட்டியான யூரோப்பா லீக்கில் இடம் கிடைக்கும்.

2019இல் சரியாக என்னதான் மாறியது?

மூன்று விஷயங்கள் ஒன்றாக மாறின. செய்திகளில் முதல் விஷயம் மட்டும்தான் பெரிதாக வந்தது.

அணிகளின் எண்ணிக்கை 83இலிருந்து 125ஆக உயர்ந்தது. பிராந்திய லீக்குகளை வென்ற கிளப்புகள்கூட உள்ளே வந்தன. இது முதல் விஷயம். இரண்டாவது, அரையிறுதி தவிர எல்லாச் சுற்றும் ஒரே ஆட்டம் என்றானது. அதற்கு முன் பெரிய கிளப்புகள் வந்து சேரும் சுற்றிலிருந்து எல்லாமே இரண்டு ஆட்டங்கள்: இங்கே ஒன்று, அங்கே ஒன்று. மூன்றாவது, மேல் டிவிஷன் அணியும் கீழ் டிவிஷன் அணியும் மோதினால் ஆட்டம் கீழ் டிவிஷன் அணியின் மைதானத்தில் நடக்கும். தொடக்கச் சுற்றுகளின் குலுக்கலிலும் மிக மேலே இருக்கும் அணிக்கு எதிராக மிகக் கீழே இருக்கும் அணிதான் வரும்படி பார்த்துக்கொள்கிறார்கள்.

இந்த இரண்டாவதும் மூன்றாவதும் இல்லாமல் முதல் மாற்றத்தை மட்டும் செய்திருந்தால், பட்டியலில் நாற்பது பெயர் கூடியிருக்கும், வேறொன்றும் நடந்திருக்காது என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் பல பதில்கள் அதைத்தான் சொல்கின்றன.

அதற்கு முன்பும் சின்ன கிளப்புகள் ஆடிக்கொண்டுதானே இருந்தன?

ஆடின. ஆனால் முதல் சில சுற்றுகள் அவர்களுக்குள்ளேயே. அதையெல்லாம் தாண்டி வந்தால் ஒரு பெரிய அணி கிடைக்கும், இரண்டு ஆட்டங்களுக்கு.

2018 அக்டோபர் 31 அன்று நடந்த இரண்டு ஆட்டங்களைப் பாருங்கள். மூன்றாம் டிவிஷனில் இருந்த மெலில்லா, ரியல் மாட்ரிட்டிடம் சொந்த மைதானத்தில் 0-4 என்று தோற்றது. டிசம்பரில் மாட்ரிட் போய் 1-6. அந்த இரண்டாவது ஆட்டம் எதற்காக நடந்தது என்றே தெரியவில்லை, முடிவு முதல் நாளே தெரிந்துவிட்டது. அதே அக்டோபர் இரவில் இன்னொரு மூன்றாம் டிவிஷன் கிளப்பான கல்ச்சுரல் லியோனேசா, பார்சிலோனாவை 90 நிமிடமும் கோல் போட விடாமல் நிறுத்தி வைத்திருந்தது. இஞ்சுரி டைமில் பார்சிலோனாவின் லாங்லே ஒரு கோல் போட்டார், 0-1. அந்தக் கோல் விழாமல் இருந்திருந்தாலும்கூட லியோனேசா டிசம்பரில் பார்சிலோனாவின் சொந்த மைதானத்துக்குப் போய் இன்னொரு 90 நிமிடம் தாக்குப்பிடித்தாக வேண்டும். போனார்கள், 1-4 என்று தோற்றார்கள்.

விதிவிலக்குகள் உண்டு, அவற்றை மறைக்கக் கூடாது. 2008இல் இருன் நகரத்தின் ரியல் யூனியன், ரியல் மாட்ரிட்டை இரண்டு ஆட்டங்களிலுமாகச் சேர்த்து வெளியேற்றியது. 2009இல் அல்கோர்கோன் அதே மாட்ரிட்டை 4-0 என்று அடித்தது. ஸ்பெயினில் அந்த இரவுக்குத் தனிப் பெயரே வைத்துவிட்டார்கள், 'அல்கோர்கோனாசோ' என்று. 2012இல் மிரண்டேஸ் மூன்றாம் டிவிஷனிலிருந்து அரையிறுதி வரை போனது. அவர்களுக்காகக் கோல்களைக் குவித்த பாப்லோ இன்ஃபான்தே பகலில் வங்கியில் வேலை பார்த்தவர். இவையெல்லாம் பத்து வருடத்துக்குச் சில தடவை நடந்தவை. நடந்ததே பெரிய விஷயம்.

ஒரே ஆட்டம் என்றால் அவ்வளவு வித்தியாசமா?

அவ்வளவு வித்தியாசம்.

மாற்றம் வந்த முதல் சீசனிலேயே தெரிந்தது. 2020 ஜனவரி 23, அதே கல்ச்சுரல் லியோனேசா, இந்தத் தடவை எதிரே அத்லெட்டிகோ மாட்ரிட். முதலில் கோல் போட்டது அத்லெட்டிகோ. 83ஆவது நிமிடத்தில் லியோனேசா சமன் செய்தது, கூடுதல் நேரத்தில் செர்ஹியோ பெனிட்டோ இன்னொன்று போட்டார். 2-1. திரும்பிப் போய் ஆட வேண்டிய இன்னொரு ஆட்டம் இல்லை. அத்லெட்டிகோ வெளியே. பதினைந்து மாதத்துக்கு முன் பார்சிலோனாவிடம் அத்தனை அருகில் போயும் பலன் கிடைக்காத கிளப்புக்கு இப்போது கிடைத்தது.

எனக்கு மறக்க முடியாதது அடுத்த வருடம் நடந்த அல்கோயானோ ஆட்டம். அல்கோய் என்பது அலிகாந்தே மாகாணத்தில் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு தொழில் நகரம். 'அல்கோயானோவுக்கு இருப்பதைவிட அதிக மனத்தெம்பு' என்று ஸ்பானிஷ் மொழியில் ஒரு வழக்கே உண்டு. எவ்வளவு அடி வாங்கினாலும் நம்பிக்கையை விடாதவரைப் பற்றி அப்படிச் சொல்வார்கள். அந்த அல்கோயானோதான் இது.

2021 ஜனவரி 20. நமக்கு நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். போனை மெத்தையில் சாய்த்து வைத்து, காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். கொரோனா காலம், எல் கொயாவ் மைதானத்தில் ரசிகர்கள் இல்லை. அதனால் ஒவ்வொரு கத்தலும் தனியாகக் கேட்டது. கோல்கீப்பர் ஹோசே ஹுவானுக்கு அப்போது 41 வயது. எதிரே ஜிதான் பயிற்சியாளராக இருந்த ரியல் மாட்ரிட். இடைவேளைக்குச் சற்று முன் மிலித்தாவ் தலையால் முட்டி ஒரு கோல். சரி, அவ்வளவுதான், படுக்கலாம் என்று நினைத்தேன். படுக்கவில்லை, ஏனென்றால் அந்த 41 வயதுக்காரர் இரண்டாம் பாதியில் எல்லாவற்றையும் தடுத்துக்கொண்டிருந்தார். 80ஆவது நிமிடத்தில் ஹோசே சோல்பெஸ் சமன் செய்தார். மாட்ரிட் பெஞ்சிலிருந்து பென்செமா வந்தார், குரூஸ் வந்தார். கூடுதல் நேரத்தில் அல்கோயானோவில் ஒருவருக்குச் சிவப்பு அட்டை. இனி பத்துப் பேர்தான், பெனால்டி வரைக்கும் ஒட்டிக்கொண்டு போனாலே பெரிது. ஆனால் 115ஆவது நிமிடத்தில் பத்துப் பேராக இருந்த அணிதான் கோல் போட்டது. போட்டவர் ஹுவானன். பெஞ்சிலிருந்து கிளம்பிய சத்தம் காலியான ஸ்டாண்டில் மோதித் திரும்பி வந்தது. நான் எழுந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். 2-1, மாட்ரிட் வெளியே.

2022 ஜனவரியில் அதே மைதானத்தில் அதே இரண்டு அணிகள். இந்தத் தடவை ரசிகர்கள் இருந்தார்கள். ஒரு மணி நேரம் தாண்டியும் 1-1 என்று நின்றது. கடைசியில் மாட்ரிட் 3-1 என்று வென்றது. அல்கோய் மக்களுக்கு அந்த இரவும் கிடைத்ததே என்று எனக்குச் சந்தோஷம்.

'சொந்த மைதானம்' என்பது எப்படிப்பட்ட மைதானம்?

சில இடங்களில் செயற்கைப் புல்தரை. 2020இல் பார்சிலோனா இபிஸா தீவுக்குப் போய் ஆடியது அப்படிப்பட்ட ஒன்றில்தான். ஒன்பதாவது நிமிடத்திலேயே இபிஸா கோல் போட்டுவிட்டது. கிரீஸ்மான் இரண்டு கோல் போட்டு, அதிலும் இரண்டாவதை இஞ்சுரி டைமில் போட்டு, 2-1 என்று காப்பாற்றினார். பார்சிலோனா பக்கத்து ஊரான கோர்னெல்யாவிலும் செயற்கைத் தரைதான். 2021 ஜனவரியில் அத்லெட்டிகோ அங்கே 0-1 என்று தோற்றது. இரண்டு வாரம் கழித்து வந்த பார்சிலோனாவின் இரண்டு பெனால்டிகளைக் கோர்னெல்யாவின் கோல்கீப்பர் தடுத்தார். கூடுதல் நேரத்தில்தான் பார்சிலோனாவால் ஜெயிக்க முடிந்தது.

யூனியனிஸ்டாஸ் டி சலமங்காவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சலமங்கா நகரத்தின் பழைய கிளப் கடனில் மூழ்கி 2013இல் கலைக்கப்பட்டது. அதன் ரசிகர்களே காசு போட்டு இந்தப் புதிய கிளப்பைத் தொடங்கினார்கள். ஒரு உறுப்பினருக்கு ஒரு ஓட்டு. கீழ்மட்ட லீக்கிலிருந்து ஏறி வந்தார்கள். 2020 ஜனவரி 22 அன்று ரியல் மாட்ரிட் அவர்களுடைய மைதானத்துக்கு வந்தது. 57ஆவது நிமிடத்தில் ஆல்வாரோ ரொமேரோ சமன் செய்தபோது 1-1. முடிவு 1-3. நான்கு வருடம் கழித்து, 2024 ஜனவரியில், முதல் டிவிஷனின் வியாரியல் வந்தது. கூடுதல் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மைதான விளக்குகள் அணைந்துவிட்டன. மறுநாள் வந்து மீதியை ஆடினார்கள். பெனால்டியில் 7-6 என்று யூனியனிஸ்டாஸ் ஜெயித்தது. வியாரியலுக்கு எரிச்சலாக இருந்திருக்கும், நியாயம்தான். ஆனால் இந்த விளக்கும் இந்தத் தரையும்தான் அந்த வீரர்கள் வாராவாரம் ஆடும் கால்பந்து. ஒரு நாளைக்குப் பெரிய அணியும் அங்கே வந்து ஆடுவதில் தவறொன்றும் இல்லை.

எல்லாச் சின்ன கிளப்புக்கும் இந்த வாய்ப்பு உண்மையிலேயே கிடைக்கிறதா?

இல்லை. என் வருத்தம் இங்கேதான். பெரிய அணி வரும்போது இருக்கை, பாதுகாப்பு, ஒளிபரப்பு வசதி எல்லாம் வேண்டும் என்கிறார்கள். அது இல்லாத கிளப், ஆட்டத்தைப் பக்கத்து நகரத்தின் பெரிய மைதானத்துக்கு மாற்ற வேண்டியதாகிறது. 2025 ஜனவரியில் மினேரா என்ற நான்காம் டிவிஷன் கிளப்புக்கு ரியல் மாட்ரிட் வந்தது. யானோ டெல் பேயால் என்ற சுரங்கக் கிராமத்தின் கிளப் அது. ஆட்டம் கிராமத்தில் நடக்கவில்லை, கார்த்தஹேனா நகர மைதானத்தில் நடந்தது. 0-5. கிராமத்தில் நடந்திருந்தாலும் தோற்றிருப்பார்கள் என்று சொல்லலாம். ஆனாலும் அந்தக் கிராமத்துப் பிள்ளைகள் தாங்கள் பந்து உதைக்கும் தரையில் மாட்ரிட் ஆடுவதைப் பார்த்திருப்பார்கள்.

இதற்கு நேர்மாறாக, 2024இல் அராந்தா டி துவேரோ என்ற ஊரின் அராந்தினா கிளப், தற்காலிக ஸ்டாண்டுகளை எழுப்பி மாட்ரிட்டைத் தன் மைதானத்திலேயே வரவேற்றது. 1-3 என்று தோற்றாலும் ஊர் பார்த்தது. இப்படிச் செய்ய விரும்பும் கிளப்புக்குச் சம்மேளனம் கூடுதலாகக் கைகொடுக்க வேண்டும்.

12-1 என்றெல்லாம் முடிகிறதே, அது அந்த வீரர்களுக்கு அவமானம் இல்லையா?

2023 நவம்பரில் முதல் டிவிஷனின் பெத்திஸ், ஹெர்னான் கோர்த்தேஸ் என்ற கிராமத்துக் கிளப்பை 12-1 என்று ஜெயித்தது. இதைக் காட்டித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். அந்த ஒரு கோலைப் பாருங்கள் என்று நான் சொல்வேன். அதைப் போட்டவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொள்வார். அங்கே ஆடியவர்கள் யாரும் கட்டாயத்தின்பேரில் வரவில்லை. தங்கள் லீக்கை வென்று, தகுதிச் சுற்றில் இன்னொரு கிளப்பை வென்று, அந்த இடத்தைச் சம்பாதித்தவர்கள். அவமானமா இல்லையா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும், டிவியில் பார்க்கும் நாம் இல்லை.

பெரிய கிளப்புகளுக்கு ஆட்டங்கள் கூடிவிட்டனவா? வீரர்கள் களைத்துப்போகிறார்கள் என்கிறார்களே?

குறைந்திருக்கின்றன. பலருக்கும் இது ஆச்சரியமாக இருக்கும், அதனால் கணக்கைப் போட்டே காட்டுகிறேன்.

பழைய முறையில் ஒரு லா லிகா அணி கோப்பையை வெல்ல வேண்டுமென்றால், கடைசி 32 அணிகளின் சுற்றில் இரண்டு, அடுத்ததில் இரண்டு, காலிறுதியில் இரண்டு, அரையிறுதியில் இரண்டு, இறுதி ஒன்று, ஆக 9 ஆட்டங்கள். புதிய முறையில் முதல் சுற்றிலிருந்து தொடங்கும் லா லிகா அணிக்கு 8. ஸ்பானிஷ் சூப்பர் கோப்பையில் ஆடும் நான்கு அணிகள் நேராகக் கடைசி 32க்கு வந்துவிடுவதால் அவர்களுக்கு 6தான். அணிகள் நாற்பது கூடியும் பெரிய அணிகளின் ஆட்டங்கள் குறைந்திருக்கின்றன. களைப்பைக் காட்டி இந்த மாற்றத்தை எதிர்ப்பது கணக்குக்கு ஒத்துவராது.

பெரிய அணிகள் இரண்டாம் வரிசை வீரர்களைத்தானே இறக்குகின்றன?

பெரும்பாலும் ஆமாம். இபிஸாவுக்கு மெஸ்ஸி போகவில்லை. அப்புறம் ஆட்டம் கைவிட்டுப் போகும்போது பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவார்கள். அந்தக் கட்டம் பார்க்கவே தனிச் சுவை.

தகுதி பெறுவது எப்படி?

மூன்றாம், நான்காம், ஐந்தாம் டிவிஷன் அணிகள் முந்தைய சீசனில் தங்கள் குழுவில் பிடித்த இடத்தை வைத்து வருகின்றன. அதற்கும் கீழே, பிராந்திய லீக்குகளின் சாம்பியன்கள் 20 பேர் ஒரு தகுதிச் சுற்றில் மோதி, பத்துப் பேர் முதல் சுற்றுக்கு வருகிறார்கள். கீழ்மட்டக் கிளப்புகளுக்கென்றே சம்மேளனம் நடத்தும் இன்னொரு சின்னக் கோப்பையின் அரையிறுதி அணிகளுக்கும் இடம் உண்டு.

ரியல் மாட்ரிட்டின் இளைஞர் அணி, பார்சிலோனாவின் இரண்டாம் அணி எல்லாம் ஆடலாமா?

1990 வாக்கில் அது நிறுத்தப்பட்டது. அதற்குப் பத்து வருடம் முன்பு நடந்த ஒரு இறுதி ஆட்டம் இன்றும் பேசப்படுகிறது. 1980இல் ரியல் மாட்ரிட்டும் அதன் இரண்டாம் அணியான காஸ்தியாவும் இறுதியில் மோதின. அண்ணன் அணி 6-1 என்று ஜெயித்தது.

கடைசியில் கோப்பையைப் பெரிய கிளப்தானே வெல்கிறது? பிறகு எதற்கு இவ்வளவு?

வெல்வது முதல் டிவிஷன் அணிதான், உண்மை. ஆனால் எந்த முதல் டிவிஷன் அணி என்று பாருங்கள். 2020 கோப்பையை ரியல் சொசியதாத் வென்றது. கொரோனாவால் அந்த இறுதி ஆட்டம் 2021 ஏப்ரலில்தான் நடந்தது. 2022இல் பெத்திஸ். 2024இல் அத்லெட்டிக் பில்பாவோ, நாற்பது வருடத்துக்குப் பிறகு. நடுவில் பார்சிலோனாவும் மாட்ரிட்டும் வென்றார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஒரே ஆட்டம் என்ற விதி சின்ன கிளப்புக்கு மட்டுமில்லை, நடுத்தர கிளப்புகளுக்கும் வழி விட்டிருக்கிறது.

முதல் சீசனில் 2020 பிப்ரவரி 6 அன்று மாட்ரிட்டும் பார்சிலோனாவும் ஒரே இரவில் காலிறுதியில் வெளியேறின. அரையிறுதிக்கு வந்த நான்கு பேரில் ஒன்று மிரண்டேஸ், அப்போது இரண்டாம் டிவிஷன். வரும் வழியில் செல்டா, செவிய்யா, வியாரியல் என்று மூன்று முதல் டிவிஷன் அணிகளை வீழ்த்தியிருந்தது. பயிற்சியாளர் யார் தெரியுமா? பிற்பாடு இங்கிலாந்தில் போர்ன்மத் அணியை நடத்திய அந்தோனி இராவோலா.

மற்ற நாடுகளில் எப்படி?

இத்தாலி எதிர்த்திசையில் போனது. 2021-22இல் கோப்பா இத்தாலியாவை 78 அணிகளிலிருந்து 44ஆகச் சுருக்கினார்கள். முதல் இரண்டு டிவிஷன்களின் 40 அணிகள், அவற்றுக்குக் கீழே நான்கே நான்கு. என்னைப் பொறுத்தவரை அது தேசியக் கோப்பை என்ற பெயருக்குப் பொருந்தவில்லை.

பிரான்ஸில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கிளப்புகள் கலந்துகொள்கின்றன. 2000இல் நான்காம் டிவிஷனின் அமெச்சூர் அணியான காலே இறுதி ஆட்டம் வரை போய், நான்ட்டிடம் 1-2 என்று தோற்றது. ஜெர்மனியில் 64 அணிகள், முதல் சுற்றிலிருந்தே ஒரே ஆட்டம், அமெச்சூர் அணிகளுக்குச் சொந்த மைதானம். 2023இல் மூன்றாம் டிவிஷனின் ஸார்ப்ரூக்கன், பயர்ன் மியூனிக்கை வெளியேற்றியது. 2025இல் பீலஃபெல்ட் மூன்றாம் டிவிஷனிலிருந்து இறுதி வரை வந்தது.

இங்கிலாந்துதான் யோசிக்க வைக்கும் உதாரணம். அங்கே ஆட்டம் சமனானால் எதிரணியின் மைதானத்தில் மறு ஆட்டம் என்ற பழைய வழக்கம் இருந்தது. 2024-25இல் முதல் சுற்றிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். சின்ன கிளப்புகள் கொதித்தன. ஸ்பெயினில் ஒரே ஆட்டம் என்பது சின்ன கிளப்புக்கு வரம், இங்கிலாந்தில் ஏன் சாபம்? இங்கிலாந்தில் எந்த மைதானம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. 2005இல் எக்ஸெட்டர், மான்செஸ்டர் யுனைடெட்டின் மைதானத்துக்குப் போய் 0-0 என்று பிடித்து, மறு ஆட்டத்துக்கு யுனைடெட்டைத் தன் ஊருக்கு வரவழைத்தது. கடனில் இருந்த, ரசிகர்களே நடத்திய அந்தக் கிளப்புக்கு அந்த இரண்டு ஆட்டங்களின் வருமானம் பெரிய உதவி. இன்று அந்த 0-0 அன்றைக்கே கூடுதல் நேரத்துக்கும் பெனால்டிக்கும் போய்விடும், எக்ஸெட்டர் ஊர் யுனைடெட்டைப் பார்த்திருக்காது. மைதான உரிமையைக் கொடுக்காமல் மறு ஆட்டத்தை மட்டும் எடுத்துவிட்டதுதான் தவறு.

ஸ்பெயினில் இன்னும் என்ன மாற வேண்டும்?

என் ஆசைகள் இரண்டு. அரையிறுதியும் ஒரே ஆட்டமாக வேண்டும். 2020 மிரண்டேஸ் அங்கேதான் நின்றது: சொசியதாத்தின் ஊரில் 1-2, சொந்த ஊரில் 0-1. இரண்டாவது, சூப்பர் கோப்பையில் ஆடும் நான்கு அணிகள் நேராகக் கடைசி 32க்கு வரும் சலுகை போக வேண்டும். இப்போது மாட்ரிட்டையோ பார்சிலோனாவையோ சந்திக்க ஒரு கிராமத்துக் கிளப் இரண்டு சுற்றுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. அவர்களும் அக்டோபரிலேயே வரட்டும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் எந்தச் சுற்றிலிருந்து பார்க்கலாம்?

கடைசி 32 அணிகளின் சுற்று. பெரிய அணிகள் சின்ன ஊர்களுக்குப் போவது அப்போதுதான். 2024இல் பார்பாஸ்ட்ரோ என்ற நான்காம் டிவிஷன் அணி பார்சிலோனாவிடம் 2-3 என்று தோற்றது அந்தச் சுற்றில்தான். நமக்கு நள்ளிரவாகத்தான் இருக்கும், இயர்போனை சார்ஜ் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.